பரண் மேல் பொக்கிஷம்

அமெரிக்காவில் பரணிலிருந்து இறங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் துருவைவிட வரலாறு அதிகம். தாத்தாவுக்கு அதை ஒரு பிரபுவே கையில் கொடுத்திருப்பார். பக்கத்தகட்டில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று இருந்துவிட்டால் போதும், பேரன் மனத்துக்குள் வீடே கட்டிவிடுவான்.

பர்மிங்ஹாமின் பேர்பெற்ற பட்டறை வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். முழுப்பெயரைப் போட்டால் வழக்கு வரும் என்று, பெல்ஜியத்தில் மலிவாகச் செய்தவர்கள் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்க இரும்புக்கடைகளில் இவை ஆணி, மண்வெட்டியோடு விற்றன.

குழலைக் கழற்றி அடியில் பார்த்தால் குட்டு வெளிப்படும். முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி' இருந்தால் அது லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை. மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தையது. 'பெல்ஜியம்' என்றே பொறித்திருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் உபயம். பிரபு பாவம், அங்கேயே காலமாகிவிடுகிறார்.

குழலில் நெளியும் டமாஸ்கஸ் கோலத்தையும் நம்ப முடியாது. சாதா எஃகின் மேல் அச்சடித்த கோலமும் உண்டு. நிஜ டமாஸ்கஸானாலும் அது கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவைப் போட்டால் பேரனின் விரல்களுக்கு உத்தரவாதமில்லை.

விலை? சில நூறு டாலரைத் தாண்டுவது அபூர்வம். மதிப்பீட்டாளர் இதை மெதுவாகத்தான் சொல்வார். பேரன் அசரமாட்டான். தாத்தாவின் வயலின் காரில் இருக்கிறது. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் என்று சீட்டு ஒட்டியிருக்கிறதாம்.