60 மீட்டரில் மோசமான ஆன்டெனாவின் மேன்மை: ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

2015 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு, அமெச்சூர் வானொலிக்காரர்களான ஹாம்களுக்கு 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரை, 60 மீட்டர் எனப்படும் பட்டையில், புதிய இடம் ஒதுக்கியது. மொத்த அகலம் 15 கிலோஹெர்ட்ஸ். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கலாம். அதுவும் இரண்டாம்நிலை உரிமை. முதல் உரிமைக்காரர் வந்தால் எழுந்து இடம் விட வேண்டும். இங்கே எந்த ஆன்டெனா கட்டுவது என்பதே ஆய்வுப் பொருள்.

2. வகைப்பாடு

அ. அரை அலை டைபோல்: கம்பி சுமார் 26.7 மீட்டர். அவ்வளவு நீளமான மனை இல்லாதவர் நடுவைத் தூக்கி, இரு முனைகளையும் இறக்கி, இன்வர்டட் வீ என்பார்.

ஆ. கால் அலை வெர்டிகல்: உயரம் 13 மீட்டருக்குச் சற்று மேல். அடியில் ரேடியல் கம்பிகள் பரவிக் கிடக்கும். அவற்றின் இருப்பைச் செடிக்குத் தண்ணீர் விடப் போகிறவர் முதலில் உணர்வார்.

இ. கார் விப்: இரண்டரை மீட்டர் குச்சி, மிச்சத்துக்கு ஒரு காயில். சக்தியில் பெரும்பகுதி காயிலையும் தரையையும் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

3. பூர்வபட்சம்

‘டைபோலே சிறந்தது. பத்து மீட்டர் உயரத்தில் கட்டினாலும் அலை நேரே மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தை நனைக்கும்’ என்பர் ஒரு சாரார்.

4. சித்தாந்தம்

அது பொருந்தாது. ஜெனீவா விதித்த 15 வாட் வரம்பு, ரேடியோவிலிருந்து புறப்படும் சக்திக்கானது அன்று. ஆன்டெனாவின் கெயினையும் பெருக்கி வரும் தொகைக்கானது. மெக்சிகோவுக்கு மட்டும் 20 வாட், மத்திய, தென் அமெரிக்க, கரீபிய நாடுகள் பலவற்றுக்கு 25 வாட். வெட்டவெளிக் கணக்கில் டைபோலின் கெயின் 1.64 மடங்கு. ஆகவே 15 வாட் வரம்புக்கு உட்பட்டவர் அதற்குத் தரக்கூடியது 9.1 வாட்டே. தரையின் பிரதிபலிப்பால் கெயின் நான்கு மடங்கானால் 4 வாட்டுக்கும் குறைவு. மாறாக, கெயின் பத்தில் ஒன்றாக உள்ள விப்புக்கு 150 வாட் தரலாம். திறமைக்குத் தண்டனை, திறமையின்மைக்குச் சலுகை என்பது உலக வழக்கு. அதை வாட் கணக்கில் சட்டமாக்கியது ஜெனீவாவின் பெருமை.

5. துணைத்தேற்றம்

இவ்வழியே மேலும் சென்றால் டம்மி லோடை அடைவோம். 50 ஓம் மின்தடை, எஸ்.டபிள்யூ.ஆர். 1:1, கதிர்வீச்சு ஏறக்குறைய இல்லை. எனவே ஜெனீவாக் கணக்கில் அதற்குத் தரத்தக்க சக்திக்கு எல்லை இல்லை. அதில் அழைப்பவர்மீது குறுக்கீட்டுப் புகார் வராது, பதிலும் வராது. இரண்டாம்நிலைப் பயனாளருக்கு இதைவிட அடக்கம் வேண்டுமோ?

6. மறுப்பும் விடையும்

‘மற்றவர் பேசுவதைக் கேட்க நல்ல ஆன்டெனா வேண்டாமா?’ எனின், கேட்டலுக்கு ஜெனீவா வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆதலால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

7. முடிபு

60 மீட்டருக்குக் கம்பி இழுப்போர், அது நல்ல ஆன்டெனாவாக அமைந்துவிடாதபடி கவனமாக இருக்கவும்.