திரிந்த பால்

கேள்வி: கோயில் கொடையில் சுடலைமாடன் சாமி நள்ளிரவு வேட்டைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பேய்ப்படத்தின் முதல் பத்து நிமிடம் என்னையும் நடுங்க வைக்கிறதே, எப்படி?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மாடன் உங்க ஊர்க்காரர், வில்லுப்பாட்டும் மகுட மேளமும் முழங்க, சொல்லிவிட்டு வருகிறார். சினிமாப் பேய் சொல்லாமல் வருகிறது. பாழடைந்த பங்களாவைக் காட்டினால் நாம் உஷாராகிவிடுவோம். விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) காட்டியதோ பளபளக்கும் புது ஃபிளாட். தினமும் பால் திரிகிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகர மறுக்கிறது. பால் காய்ச்சிக் குடியேறும் நமக்கு, ரத்தத்தைவிடத் திரிந்த பால்தான் வயிற்றைக் கலக்கும். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஒரு படி மேல்: விபத்தில் அடிபட்ட பெண், நாயகனின் கையைப் பற்றியபடி உயிர்விடுகிறாள். பேய்க்காக முதலிலேயே நம்மைக் கலங்க வைத்துவிடுகிறார். என் ஓட்டு ‘பிசாசு’க்கே.