பூசணிக்காயை ஏலம் எடுத்த பேரனுக்கு

வாடே பேரப்புள்ள, இப்படி உக்காரு. கையில என்ன, பூசணிக்காயா? அறுப்பின் பண்டிகை ஏலத்துல 4,500 ரூவாய்க்கு எடுத்தியாமே. சந்தையில அதை அறுபது ரூவாய்க்குத் தாரான். ஆண்டவருக்கு இம்புட்டு நன்றியுள்ள பிள்ளை நம்ம வம்சத்துல இருக்கானேன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பெறகுதான் ஒன் சின்னாச்சி சொன்னா, எதுத்தாப்புல நின்னு ஏலம் கேட்டது ஒன் சித்தப்பனாம். அவன் நாலாயிரம்னதும் நீ கையைத் தூக்கிருக்க. நல்லதுதான். பங்காளிச் சண்டை இன்னும் ரெண்டு நடந்தா கோயிலுக்கு வெள்ளையடிச்சிரலாம்னு உபதேசியார் கணக்குப் போட்டுட்டு இருக்காரு.

வருஷம் பூரா தந்தவருக்கு நன்றி சொல்லத்தான வாழைத்தாரும் தேங்காயும் சேவலும் சுமந்துட்டுப் போறோம்? நீ வஞ்சத்தைச் சுமந்துட்டுப் போயி, அதையே காசு குடுத்துத் திரும்ப வாங்கிட்டு வந்திருக்க.

ஏன்டேன்னு கேட்டா, சித்தப்பா நெலத்து வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுட்டாருங்க. தெரியும்டே, நானும் பாத்தேன். தள்ளித்தான் போட்டிருக்கான். ஒங்கப்பன் கண்ணை மூடி வருசம் திரும்பலை, அதுக்குள்ள கூடப்பொறந்தவனே இப்படிச் செஞ்சா வயிறு எரியத்தான் செய்யும். எரியலைன்னு சொல்லிட்டு ஸ்தோத்திரம் போடுதவனை நான் நம்பமாட்டேன்.

ஆனா நீ செஞ்சதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். போன திருவிருந்து ஆராதனையில சமாதானம் குடுக்காங்க. ஐயர் கையில இருந்து ஒவ்வொரு கையா மாறி ஒன் வரிசைக்கு வருது. ஒன் சித்தப்பன் ரெண்டு கையையும் கூப்பினாப்புல நீட்டிட்டு நிக்கான். ஒன் கையில இருந்த பாட்டுப் புஸ்தகம் அந்த நேரம் பாத்துக் கீழ விழுது. குனிஞ்ச, சரி. ஒரு புஸ்தகத்தை எடுக்க எம்புட்டு நேரம்டே? சமாதானம் ஒன் முதுகுக்கு மேல தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேந்த பெறகுதான் நிமிர்ந்த.

அதோட விட்டியா? வீட்டு ஜெபக்கூட்டத்துல குறிப்பு வேற குடுத்திருக்க. நிலத்தை அபகரிச்ச சொந்தக்காரர் ஒருத்தர் மனந்திரும்பணுமாம். பேரைச் சொல்லலையாம், பெரிய மனசு. ஒனக்கு ஊர்ல இருக்கதே ஒரே ஒரு சித்தப்பன்.

இதுக்கு மேலத்தெருக்காரர் ஒருத்தர் தேவலை. எனக்குத் துரோகம் பண்ணுன தம்பியை நான் முழுசா மன்னிச்சுட்டேன்னு சபையில எழும்பிச் சாட்சி சொன்னாரு. என்ன துரோகம், எந்த வருசம், எம்புட்டு ரூவாய்னு ஒன்னு விடாம அரை மணி நேரம் சொன்னாரு. அது வரைக்கும் ஊருக்கு ஒன்னும் தெரியாது. பாவம் அந்தத் தம்பி, மன்னிக்காம விட்டிருந்தா மானத்தோட இருந்திருப்பான்.

சரி, கணக்குன்னு வந்துட்ட. நீ பாலிடெக்னிக் படிச்சவன், நான் சொல்லுததைக் கூட்டிப் பாரு. ஏழு தடவை மன்னிச்சாப் போதுமான்னு பேதுரு கேட்டாரு. தாராளமாக் கேட்டுட்டோம்னு நெனச்சிருப்பாரு. ஆண்டவர் ஏழெழுபதுன்னுட்டாரு. அது 490. நம்ம ஆளுக நோட்டுப் போட்டு 490 வரைக்கும் எண்ணிட்டு 491-ல அரிவாளைத் தூக்குவானுகன்னு தெரிஞ்சோ என்னமோ, கையோட ஒரு கதையும் சொன்னாரு. மத்தேயு 18-ல இருக்கு.

ஒருத்தன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம்கிறது அந்தக் காலத்து ஒரு நாள் கூலி. நம்மூர்க் கூலியை 500 ரூவாய்னு வச்சுக்க. என்ன வருது? 3,000 கோடி. ராஜா அதைத் தள்ளி விட்டுட்டாரு. வெளிய வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவன் தொண்டையைப் பிடிச்சான். அது 50,000 ரூவாய். அதுவும் சின்னக் காசு இல்லடே, மூணு மாசத்துக்கு மேல ஒழைச்ச கூலி. ஒன்னுமில்லாத கடன்னு ஆண்டவர் சொல்லலை. ஒன் ஒரு முழமும் ஒன்னுமில்லாதது இல்லை. அவனுக்குக் கோளாறு எங்கன்னா, 50,000 நெஞ்சுல நின்னுச்சு, 3,000 கோடி அரமனை வாசலைத் தாண்டுததுக்குள்ள மறந்து போச்சு.

சித்தப்பன் ராஜா இல்லதான். ஆனாலும் அவன் பக்கத்துக் கணக்கையும் ஒரு தடவை எழுதிப் பாத்துரு. ஒனக்கு நாலு வயசுல கட்டுவிரியன் கடிச்சுது. ஒங்கப்பன் அப்பம் பம்பாயில பலசரக்குக் கடையில நின்னான். ராத்திரி, தேரி மணல், பஸ்ஸு கெடையாது. ஒன்னை மடியில கெடத்தி நான் கேரியர்ல உக்காந்தேன். நாசரேத் ஆஸ்பத்திரி வரைக்கும் சைக்கிளை மிதிச்சவன் எவன்? மணல்ல சக்கரம் பொதையும்போதெல்லாம் எறங்கித் தள்ளிட்டே ஓடுனான். நீ பாலிடெக்னிக் சேரும்போது அவன் வீட்டுல நாலு ஆடு காணாமப் போச்சு. எங்க போச்சுன்னு நீ கேக்கவே இல்லை.

ஒடனே கண்ணைத் தொடைக்காத. அதுக்காக நெலத்தை அவனுக்கு எழுதிக் குடுத்துட்டு வான்னு சொல்லுவேன்னு நெனச்சியா? அப்படிச் சொல்லுதவன் ஒன்னு ரொம்ப நல்லவன், இல்லாட்டி பக்கத்து நெலத்துக்காரன்.

வேதத்துல யோசேப்பைப் பாரு. 20 வெள்ளிக்காசுக்குக் கூடப்பொறந்தவனுகளே வித்தானுக. பஞ்சத்துல தானியம் வாங்க எகிப்துக்கு வந்து அவன் காலடியில நிக்கானுக. அடையாளம் தெரிஞ்சும் அவன் ஒடனே கட்டிப் பிடிச்சானா? வேவுகாரனுகன்னு அதட்டுனான், சிமியோனைப் பிடிச்சு உள்ள வச்சான். மறுதடவை சின்னவன் பென்யமீன் சாக்குல வெள்ளிப் பாத்திரத்தை ஒளிச்சு வச்சு, இவனையும் என்னைப் போலக் கைவிடுவானுகளான்னு சோதிச்சான். அவனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு யூதா முன்னால வந்த பெறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுதான். அதுக்கு முன்னால அழுததெல்லாம் அவனுக கண்ணுக்கு மறைவா, ஒரு தடவை மூஞ்சியைக் கழுவிட்டு வெளிய வந்தான். இம்புட்டுக்கும் பெறகு 17 வருசம் கழிச்சு அப்பா யாக்கோபு செத்ததும், இவன் நம்மளைப் பழிவாங்கிருவான்னு அண்ணமாருக்கு நடுக்கம் வந்துட்டு. வாங்குன மன்னிப்பை நம்புததுக்கே அம்புட்டு நாளும் காணலை.

இன்னொன்னு சொல்லுதேன், இதுல எனக்குக் கேலி வராது. 1999 ஜனவரியில ஒடிசாவுல மனோகர்பூர்னு ஒரு கிராமம். கிரகாம் ஸ்டெயின்ஸும், பத்து வயசு பிலிப்பும், ஆறு வயசு திமோத்தியும் வண்டிக்குள்ள தூங்கிட்டு இருக்கும்போது தீ வச்சுக் கொன்னானுக. அந்த மனுசன் 1965-ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்து, பாரிபதாவுல குஷ்டரோகிகளுக்கு வேலை செஞ்சுட்டு இருந்தாரு. அவர் சம்சாரம் கிளாடிஸ் அம்மா மன்னிச்சுட்டேன்னாங்க. சொல்லிட்டு மகளைக் கூட்டிட்டு ஊருக்குக் கெளம்பிரலை. 2004 வரைக்கும் அங்கேயே இருந்து அந்தக் குஷ்டரோகிகள் விடுதி வேலையைப் பாத்தாங்க. மறு வருசம் பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆனா கேஸு நின்னுச்சா? நிக்கலை. தீ வச்ச கும்பலுக்குத் தலைவனா நின்ன தாரா சிங்குக்கு 2003-ல தூக்குத் தண்டனை. 2005-ல ஐகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாக் கொறைச்சுது, 2011-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிட்டு. மன்னிப்பு வேற, சட்டத்தோட வேலை வேறங்கிறதுல அந்தம்மா தெளிவா இருந்தாங்க. மூணு உசுரைப் பறிகுடுத்தவங்களுக்கு இருந்த தெளிவு, ஒரு முழத்தைப் பறிகுடுத்த ஒனக்கு வேண்டாமாடே?

அதனால முறைப்படி நெலம் அளக்க மனுக் குடு. கட்டணத்தைக் கட்டு. சர்வேயர் வந்து காட்டுத எடத்துல கல்லை நடு, அது அவன் பக்கம் தள்ளி விழுந்தாலும் சரி, ஒன் பக்கம் விழுந்தாலும் சரி. ஜெபக்குறிப்பு எழுதிக் குடுக்கதை மட்டும் விட்டுரு. மனுக் குடுக்க முந்தி சித்தப்பன் வீட்டுக்குப் போயி, நாளைக்கு மனுக் குடுக்கப் போறேன் சித்தப்பான்னு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு வா. சித்தி காப்பி கொண்டு வருவா. குடிச்சுட்டு வரணும். வேண்டாம்னு எழும்பி வந்தேன்னா என் மூஞ்சியில முழிக்காத.