பிட்டுக்குழலுக்குள் ஒரு பிரபு

சான்ட்விச் என்பது எது, எது அல்ல என்ற வினாவுக்கு நம் இலக்கண நூல்கள் எதிலும் நூற்பா இல்லை. பாண் தெரியாததால் அல்ல. சங்கத் தமிழிலும் பாண் உண்டு. அது பாட்டைக் குறித்தது. நாம் தின்னும் பாண் போர்த்துக்கேயர் வாயிலிருந்து வந்தது. 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியது, பாண் நின்றுவிட்டது. மீன் பாடும் ஊரில் பழைய பாணும் புதிய பாணும் சந்தித்துக்கொண்டதை எந்த மொழியியலாளரும் இன்னும் கொண்டாடவில்லை.

சான்ட்விச்சின் பெயர் நான்காம் சான்ட்விச் பிரபு ஜோன் மொண்டேகுவுடையது (1718–1792). சீட்டு மேசையை விட்டு எழும்ப மனமில்லாமல், பாணுக்குள் இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது கதை. இல்லை, அலுவலக மேசையில் வேலை மும்முரத்தில்தான் அப்படித் தின்றார் என்று பரிந்து பேசுவோரும் உண்டு. எப்படியோ, ஒரு கை ஓய்வில்லாமல் இருந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2006இல் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கடைத்தொகுதி. அங்கே வேறு சான்ட்விச் கடை வரக்கூடாது என்று பழைய கடைக்காரர் ஒப்பந்தம் வைத்திருந்தார். புரிட்டோ விற்பவர் வந்தார். புரிட்டோ சான்ட்விச் அல்ல என்றார் நீதிபதி. 2024இல் இந்தியானா மாநில நீதிபதி ஒருவர், டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிக்கப் பாணிச் சான்ட்விச்சுகளே என்று தீர்த்தார். நியூயோர்க் வரித் திணைக்களமோ ஹொட்டோக்கையும் சேர்த்து வரி கேட்கிறது. இவை ஒன்றும் வயிற்று வழக்குகள் அல்ல. இடத்துக்கும் காசுக்குமான வழக்குகள். காணி வழக்குக்கு மட்டக்களப்பில் பஞ்சமில்லை. ஆனாலும் சாப்பாட்டை நாங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

எனவே இலக்கணத்துக்கே திரும்புவோம். என் வரையறை இது: இரு பாண்துண்டும் இடைப்பொருளும் உடன்தொக்க தொகையே சான்ட்விச். இடைப்பொருள் தொக்கி, அதாவது மறைந்து, நிற்க வேண்டும். பிறந்தநாள் வீடுகளில் கரை வெட்டி முக்கோணமாக அடுக்கித் தரும் சான்ட்விச்சில் பட்டர் எவ்வளவு தொக்கி நிற்கிறதென்றால், உரையாசிரியர் வந்து விரித்தால்தான் தெரியும். கால் றாத்தல் பாணைப் பிளந்து செத்தல் மிளகாய்ச் சம்பலை அடைத்தால் அதுவும் தொகைதான். சம்பலைப் பாணுக்குப் பக்கத்தில் வைத்தால் விரி. மீன் பணிஸில் மீன் மாவுக்குள் வைத்தே வேகிறது. இடையே நுழையவில்லை, உள்ளேயே பிறந்தது. ஆகவே தள்ளுபடி. புரிட்டோவை ஏற்போர் றோல்ஸையும் ஏற்றாக வேண்டும். கொத்து றொட்டி? தகட்டில் றொட்டியையும் முட்டையையும் இறைச்சியையும் தாளம் போட்டுக் கொத்தும்போது தொகையும் இல்லை, விரியும் இல்லை. அது மரண விசாரணை.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன்: குழல் பிட்டு. மா, தேங்காய்ப்பூ, மறுபடி மா, மறுபடி தேங்காய்ப்பூ. பார்வைக்கு இதைவிடக் கச்சிதமான சான்ட்விச் உலகில் இல்லை. நானும் சில காலம் அப்படியே நம்பி, பிரபுவுக்கு முன்னரே நாம் கண்டுபிடித்தோம் என்று எழுத ஆயத்தமானேன். தடுத்தது ஊர்ப் பேச்சு. தமிழரும் முஸ்லிம்களும் இங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்பார்கள். இரண்டு இடத்திலும் உம் வெளிப்படையாக நிற்கிறது. எண்ணும்மை! எதுவும் தொக்கவில்லை. எது பாண், எது இடைப்பொருள் என்று கேட்கவே முடியாது. கடற்கரை வீதியில் தெற்கே போய்ப் பாருங்கள்: காத்தான்குடி, ஆரையம்பதி, இன்னும் போனால் மருதமுனை, பாண்டிருப்பு, அப்பால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மாவும் பூவுமாகக் குழல் நீள்கிறது. இடையிடையே சிலர் குழலை உலுக்கிப் பார்த்ததுண்டு. அது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே வாவி கிடக்கிறதே, அது சான்ட்விச் ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாவி தொக்கி நிற்கவில்லை, மாரியில் இரு கரையிலும் ஏறிவிடுகிறது என்று பதில் எழுதினேன்.

முடிவைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முன்னால் பீங்கானில் பிட்டு, குழலிலிருந்து தள்ளிய வடிவம் குலையாமல், ஆய்வு மாதிரியாக. உம்மைத் தொடர் வரை பொறுமையாகக் கேட்டார்.

“மறுகா என்ன மனே, கறி ஊத்தட்டா, வேணாமா?”

நான் வாய் திறக்குமுன் இறால் கறியை ஊற்றிவிட்டார். பிறகு எது மா, எது பூ என்று காட்ட என்னிடம் மாதிரி எதுவும் மிஞ்சவில்லை.