மேடு ஏறத் தெரியாத நமுனுகுலைக்காரன்

நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீட்டர். அதன் சரிவில் ஒரு தோட்டத்தில், கொழுந்து லொறி டிரைவருக்கு மகனாகப் பிறந்த நான், டுபாயில் டிரைவிங் டெஸ்டில் பெயிலானேன். எதில் என்று மட்டும் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். மேடு ஏறுவதில்.

டுபாயில் ஏதடா மேடு என்பீர்கள். அதுதான் நியாயமான கேள்வி. டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் கொங்கிரீட்டில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்து வாசற்படியை இழுத்து நீட்டினால் எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் அந்த மேடு.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் கியூவில் தூங்கி, கியூவிலேயே பல் துலக்கி, கடைசியில் கியூஆர் கோட் வந்தபோது என் போனில் சார்ஜ் இல்லாமல் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அப்போது பதுளையில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். லைசன் இருந்தது, பெட்ரோல் இல்லை. ஆகவே பெட்ரோல் இருக்கிற நாட்டுக்குப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் லைசன் இல்லை.

இல்லாமல் என்ன? கையில் இருந்தது. கொழும்பில் ஓட்டோமொபைல் எசோசியேஷனுக்குப் போய், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டுதான் பிளேன் ஏறினேன். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் பேரில் கொடுக்கிற புத்தகம். வாங்கிக்கொண்டு ஊருக்கு வரும் வழியில், பசறை பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கெல்லாம் விரித்துக் காட்டினேன். ஒருவர் அதை வங்கிப் புத்தகம் என்று நினைத்து, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

டுபாய் ரூமில் இருந்த மூத்தவர்தான் என் கண்ணைத் திறந்தார். "தம்பி, இது சுத்திப் பாக்க வந்தவனுக்கு. உனக்கு ரெசிடன்ஸ் விசா அடிச்சிட்டாங்க. இனி இந்த ஊர் லைசன்தான்." பிரித்தானிய லைசன் வைத்திருப்பவர் கண்ணைச் சோதித்துக்கொண்டு, காசைக் கட்டி, அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இலங்கை கிடையாது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி, அங்கீகாரமில்லாத வெளிநாட்டு லைசனோடு ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதம். என் ஜெனீவா புத்தகம் இப்போது கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டு போட்டோவிலும் ஒரே மாதிரி நம்பிக்கையோடு சிரிக்கிறேன்.

2023 ஏப்ரலில் டுபாய் போக்குவரத்து அதிகாரசபை என்னைப் போன்றவர்களுக்கென்று 'கோல்டன் சான்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சொந்த நாட்டு லைசன் கையில் இருந்தால், வகுப்புக்குப் போகாமல் நேரே டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். தியரியைத் தமிழிலேயே எழுதலாம் என்றார்கள். எழுதினேன், பாஸ். அன்று ரூமில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். ரோட் டெஸ்டுக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

அங்கே ரோட்டில் வலது பக்கம் போக வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். கியர் மாற்ற இடது கையை நீட்டினால் கதவு வருகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான், இதற்கெல்லாம் பெயில் போட மாட்டார்கள். என்னைக் கவிழ்த்தது ஹோர்ன். பல்லகெட்டுவைக்கும் நமுனுகுலைக்கும் நடுவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: வளைவில் ஹோர்ன் அடிக்காதவனை எங்களூரில் மனுசக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டுபாயில் முதல் திருப்பம் வந்ததும் கை தானாகப் போய் அழுத்திவிட்டது. "யாருக்கு அடித்தாய்?" என்று எக்ஸாமினர் கேட்டார். யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அடித்தேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்தது வேகம். வாழ்நாள் முழுக்க இரண்டாம் கியரில் வாழ்ந்தவன் நான். அபுதாபிப் பக்கம் இ-311 நெடுஞ்சாலையில், இடதுபுறத்து வேக லேன்களில் 120க்குக் கீழே போனால் 400 திர்ஹாம் அபராதம் என்று அதே 2023இல் ஒரு விதி போட்டார்கள். 2025இல்தான் எடுத்தார்கள். மெதுவாகப் போனதற்குத் தண்டம்! நான் போன ரோட்டில் அந்த விதி இல்லை. ஆனாலும் எக்ஸாமினர் அவ்வப்போது என் காலை எட்டிப் பார்த்தார், ஆக்சிலரேட்டரில்தான் இருக்கிறதா என்று.

கோல்டன் சான்ஸ் போனது. இனிக் காசு கட்டி வகுப்புக்குப் போக வேண்டும். மலையாளி மாஸ்டர் ஓட்டோமேட்டிக்கா மேனுவலா என்று கேட்டார். ஓட்டோமேட்டிக்கா? எங்களுடையது கொழுந்து லொறிப் பரம்பரை என்று அவருக்கு விளங்குகிற தமிழில் சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்குப் பலன்தான் கொங்கிரீட் மேடு.

மேட்டின் நடுவில் நிறுத்தி, பின்னால் வழுக்காமல் எடுக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். எங்கள் தோட்டத்து லொறியில் ஹேண்ட்பிரேக் என்பது பரம்பரைச் சொத்து. இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். மேட்டில் நிறுத்தினால் கிளீனர் குதித்து ஓடிப்போய்ப் பின் சில்லுக்குக் கட்டை போடுவான். போட்டதும் லொறியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதற்குப் பிறகுதான் கிளட்ச். அப்பா அப்படித்தான் ஓட்டினார், நானும் அப்படித்தான் பழகினேன். டெஸ்ட் அன்று மேட்டில் நிறுத்திவிட்டு, அந்த இரண்டு தட்டுக்காக நான் காத்திருந்தேன். கார் காத்திருக்கவில்லை.

பின்னால் போகிற காரில் உட்கார்ந்துகொண்டு, "கட்டையப் போடுடா!" என்று நான் கத்தியதாக மாஸ்டர் பிறகு சொன்னார். எக்ஸாமினர் நல்ல மனிதர். கார் நின்றதும் மரியாதையாக இறங்கச் சொன்னார்.

அன்றிரவு ஊருக்கு போன் எடுத்தேன். "எதுல பெயிலு?" என்றார் அப்பா. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மேட்டுலயா... சரி விடு. அம்மாகிட்ட ரிவர்ஸ்லனு சொல்லிர்றேன்."

அப்புறம் எப்படியோ 2024இல் லைசன் கிடைத்தது. எப்படியோ என்றால், ஓட்டோமேட்டிக்கில்.

அந்த லைசனை பர்ஸில் முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, போன வருஷக் கடைசியில் லீவில் வந்தேன். தம்பியின் வேனை எடுக்கலாம் என்று பழைய இலங்கை லைசனைத் தேடி எடுத்தால், காலாவதி. இலகு வாகன லைசன் எட்டு வருஷத்துக்குத்தான் செல்லும். நான் அங்கே கொங்கிரீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இங்கே அது சத்தமில்லாமல் முடிந்திருக்கிறது. புதுப்பிக்க மெடிக்கல் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். லீவோ போயாவிலும் சனி ஞாயிறிலும் கரைந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டவருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக லைசன் கொடுக்கிறார்கள். வரும்போது அந்தப் பக்கமாகத்தான் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அங்கே வெளிநாட்டுக்காரனாக இருந்ததால் ஓட்ட விடவில்லை. இங்கே வெளிநாட்டுக்காரனாக இல்லாததால் கவுண்டர் எனக்கில்லை.

ஆக, நமுனுகுல பஜாரில் பஸ்ஸுக்கு நின்றேன். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி ஓட்டி வந்த வாடகை ஓட்டோ பக்கத்தில் நின்றது. எல்லவுக்குப் பாதை இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் என்னையும் ஏறச் சொன்னாள். முறையாக எடுத்த அனுமதிப் பேப்பரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் தொங்கவிட்டிருந்தாள். ஒரு மேட்டில் எதிரே பஸ் வர, நிறுத்தினாள். பஸ் போனதும் எடுத்தாள். ஓர் அங்குலம் பின்னுக்குப் போகவில்லை.

எந்த நாடு என்று கேட்டேன். நெதர்லாந்தாம். பூகோளம் படித்தவர்களுக்குத் தெரியும், தோசைக்கல் மாதிரி நாடு. மேடு ஏற எங்கே பழகினாய் என்றேன். "எல்லவில், நேற்று."

உனக்கு ஓட்டத் தெரியுமா, லைசன் இருக்கிறதா என்று அவள் திரும்பிக் கேட்டாள். இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.