நீல டிக்கும் செய்முறை நோட்டும்: அட்டுவம்பட்டிப் பாறை ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் ஒன்று: பொருளும் களமும்

‘தொடர்பு’ என்ற சொல்லுக்குப் பொருள் பல. ‘அவனுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை’ என்பதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் ஒரு பொருள். சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் சொன்னால் வேறு பொருள். ‘நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்று செல்போன் அம்மாள் சொன்னால் அது மூன்றாவது. மூன்றும் ஒருசேர விளங்கும் ஊரைத் தேடி அலைந்த இவ்வாய்வாளன், கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியை வந்தடைந்தான்.

இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. ஆகவே ‘ஆய்வு’ என்ற சொல்லைக் கேட்டு ஊரில் யாரும் திடுக்கிடுவதில்லை. இரண்டு, சுற்றுவட்டாரத்தில் பூண்டு விளைகிறது. ஆய்வு பலிக்காவிட்டாலும் வெறுங்கையோடு மலை இறங்க வேண்டியதில்லை. மூன்று, மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்; ஆன்லைனில் இருப்பதாக மட்டும் தெரிவார்.

களத்தின் நடுநாயகம் ஒரு பாறை. பேருந்து நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதில் ஏறிக் கிழக்கே பார்த்து, செல்லைத் தலைக்கு மேல் ஒரு முழம் தூக்கினால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். மேற்கே திரும்பினால் ஒரு கோடு. உட்கார்ந்தால் அதுவும் போய்விடும். காலையில் பூண்டு வியாபாரத்துக்கும் மாலையில் காதலுக்கும் இதே பாறைதான். தனிவாழ்வுக்கு ஒரு செயலி, தொழிலுக்கு ஒரு செயலி என்று உலகம் பிரித்து வைத்ததைப் பாறை பிரிக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆய்வு முறை: எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஆய்வுக் கருவிகள்: கண், காது, இரண்டு வடை.

இயல் இரண்டு: முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஸ்டான்லி மில்கிராம். ஒரு விளையாட்டை நடத்தி, 1967-இல் அதைப் பற்றி எழுதினார். முன்பின் தெரியாத ஒரு பங்குத் தரகருக்கு ஓர் உறை போய்ச் சேர வேண்டும். ஆனால் அவரவருக்கு நேரில் பழக்கமானவர் கையில்தான் கொடுத்து அனுப்ப வேண்டும். 1969-இல் வெளியான கணக்கின்படி, 296 பேரைக் கொண்டு தொடங்கியதில் 64 உறைகள் போய்ச் சேர்ந்தன. அவையும் சராசரியாக ஐந்து பேர் கை மாறிச் சேர்ந்தன. மற்றவை நம் கல்யாணப் பத்திரிகைகளைப் போல யார் வீட்டு டிவிக்குப் பின்னாலோ தங்கிவிட்டன எனக் கொள்க.

2016-இல் ஃபேஸ்புக் தன் பயனாளர்கள் 159 கோடிப் பேரை வைத்துக் கணக்குப் பார்த்து, எந்த இருவருக்கும் இடையே சராசரியாக 3.57 பேர்தான் என்று அறிவித்தது. நம்மூரில் இதற்குக் கணினி தேவைப்பட்டதில்லை. ‘எந்த ஊரு? யாரு வீடு? அந்த வீட்டுல யாரை எங்க கட்டிக் குடுத்திருக்கு?’ என்ற மூன்று கேள்விகளில் வேலை முடிந்துவிடும். 3.57-இல் மிச்சமுள்ள 0.57, ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்பதாகலாம்.

ராபின் டன்பர் 1992-இல் குரங்குகளின் மூளை அளவை வைத்துக் கணித்து, மனிதன் ஏறக்குறைய 150 பேரோடுதான் உறவை ஓட்ட முடியும் என்ற எண்ணுக்கு வழி செய்தார். தென்மாவட்டக் காதுகுத்து எதற்கும் அவர் வந்ததில்லை என்பது இதனால் பெறப்படும்.

நமக்கு மிகவும் வேண்டியவர் மார்க் கிரானோவெட்டர். 1973-இல் ‘வலுவற்ற தொடர்பின் வலிமை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். சிக்னல் பற்றிய கட்டுரை என்று நினைத்துத்தான் இவ்வாய்வாளன் பாறையருகே அமர்ந்து படிக்கத் தொடங்கினான்; அப்படியல்ல. பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம் அவர் கேட்டார்: ‘அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு பார்ப்பீர்கள்?’ அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது. கூடவே இருக்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். வேலை காலியிருப்பது தூரத்து ஒன்றுவிட்ட மச்சானுக்குத்தான் தெரியும்.

2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து இதையே சற்றுத் திருத்திச் சொன்னது: தொடர்பு ரொம்பவும் வலுவாக இருந்தாலும் பயன் குறைவு, அறவே வலுவற்று இருந்தாலும் பயன் குறைவு. இருவருக்கும் பொதுவான பழக்கம் பத்துப் பேர் அளவில் இருக்கும்போதுதான் பலன் உச்சம். சொந்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம் பாட்டிகள் சொன்ன தூரமும் இதுதான்: கூப்பிட்டால் வரவேண்டும், கூப்பிடாமல் வரக்கூடாது.

வலைத்தளத்துக்கு முன்பே இம்மலையில் வலை இருந்தது என்பதையும் பதிவு செய்தல் ஆய்வாளன் கடன். கொடைக்கானல் பண்பலை 100.5-இல் ஒரு பாட்டுப் போடும் முன்னர், அதை விரும்பிக் கேட்கும் நேயர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வரும். மலையுச்சியிலிருந்து வந்த அந்தப் பெயர்ப் பட்டியல் தென்மாவட்டச் சமவெளியெங்கும் கேட்டது. இப்போது அதற்கு ‘டேக் செய்வது’ என்று பெயர், பாட்டுத்தான் இல்லை.

இயல் மூன்று: அகமும் புறமும்

தமிழ் மரபுப்படி இத்தளங்களை அகம், புறம் என இரண்டாக வகுக்கலாம். வாட்ஸ்அப் அகம். லிங்க்ட்இன் புறம். ஃபேஸ்புக் திண்ணை.

அகத்தின் உரிப்பொருள் காத்திருத்தல். 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. அதற்கு முன் கடிதம் போட்டவன், ‘இன்னும் கிடைத்திருக்காது’ என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தான். அந்த ஒரு வாரத்தை நீல டிக் பறித்துக்கொண்டது. குழுவில் சேரத்தக்கோர் எண்ணிக்கை 256 ஆக இருந்து, 2022-இல் 512 ஆகி, அதே ஆண்டில் 1,024 ஆனது. நடுத்தரமான ஒரு பங்காளி வகையறாவுக்கு இது பற்றாது என்று கலிபோர்னியாவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

குழு உறுப்பினர் மூவகையர்: காலை வணக்கம் போடுபவர், ஃபார்வர்டு போடுபவர், எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய் திறக்காதவர். மூன்றாமவரை யாரும் மதிப்பதில்லை. ஆனால் எழவு விழுந்தால் முதலில் மாலையோடு வந்து நிற்பவர் அவர்தான். பாறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மூன்று மணி நேரத்துச் செய்திகள் இங்கே ஒரே மூச்சில் வந்து இறங்கும். அவசரத்தில் ஒருவர் தம் மாமாவின் அறுபதாம் கல்யாண அழைப்புக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டுவிட்டார். மாமா பெருந்தன்மையாகக் கைகூப்பும் படம் அனுப்பினார். அத்தைதான் இன்னும் பேசவில்லை.

திண்ணையின் சிறப்பு பிறந்தநாள் வாழ்த்து. ஒரு தலைமுறைத் தமிழர்களில் பலருக்குப் பிறந்த தேதி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ இருக்கும். அது அம்மா பெற்ற தேதி அன்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வயது சரியாக இருக்கட்டும் என்று வாத்தியார் போட்ட தேதி. ஆண்டுதோறும் அந்நாளில் முந்நூறு பேர் வாழ்த்துவது உண்மையில் அந்த வாத்தியாரைத்தான்.

புறத்திணையுள் லிங்க்ட்இன் பாடாண் வகையைச் சாரும். 2003 மே மாதம் தொடங்கியது. அக்காலத்தில் கொற்றவனைப் புலவன் பாடினான், பரிசில் பெற்றான். இங்கே கொற்றவனே தன்னைப் பாடிக்கொண்டு, ‘மிகுந்த பணிவுடன் பகிர்கிறேன்’ என்று முடிக்கிறான். பரிசில் யார் தருவது என்பதில்தான் குழப்பம்.

இயல் நான்கு: பாறைமேல் கண்டது

ஒரு காலை, எட்டு மணி இருக்கும். பனி விலகவில்லை. பாறைமேல் இருவர். ஒருவர் மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒரு பூண்டுப் பெரியவர். வடுகபட்டி மண்டிக்கு அனுப்பப் பூண்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பூண்டின் மேல் அவர் பெருவிரலும் விழுந்திருந்தது. மற்றவர் பல்கலைக்கழகத்து மாணவி. லிங்க்ட்இன்னைத் திறக்கச் செல்லைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“எந்த ஊரு பாப்பா?”

“தேனிப் பக்கம் தாத்தா. வீரபாண்டி.”

“வீரபாண்டியில யாரு வீடு?”

“மாவு மில்லுக்காரர் வீடு. எங்க தாத்தா வச்சிருந்தாரு.”

“மில்லுக்காரரு மக ஒண்ணைப் பெரியகுளத்துல குடுத்திருந்துச்சே?”

“அது எங்க அத்தை!”

“அட, அந்த வீட்டு மூத்த மருமக என் தங்கச்சி மகளாச்சே.”

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“கையில என்ன, படமா?”

“புரொஃபைல் தாத்தா. நம்ம என்ன படிச்சோம், என்ன வேலை தெரியும்னு போட்டு வைக்கணும். பாத்துட்டு வேலை குடுப்பாங்க.”

“யாரு வீட்டுப் புள்ளைன்னு போட எடம் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படி நம்புவான்?”

“யாரு வீடுன்னு பாக்காமக் குடுக்கணும்னுதான் தாத்தா அதை வச்சதே.”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

இவ்விடத்தில் வடையைக் கீழே வைத்துவிட்டு ஆய்வாளன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட மூன்று கேள்விகளுக்குள் வாயால் கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்றின் பதிலிலிருந்தே கேட்பவர் அதன் பதிலை எடுத்துக்கொள்வார். அந்தப் பதில் சிலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது, பலருக்கு அடைத்திருக்கிறது. படிப்பும் திறமையும் மட்டும் எழுதும் ஒரு பக்கத்தை அந்த மாணவி நம்புவதில் நியாயம் உண்டு. ஊர் வலை நல்லது, இணைய வலை பொய் என்று முடிக்க நினைத்த இவ்வாய்வின் முதல் வரைவு அன்றே டீக்கடை அடுப்புக்குப் போயிற்று.

இயல் ஐந்து: செய்முறைக் கோட்பாடு

அப்படியானால் இரண்டு வலைக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? செய்முறை நோட்டில்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் மொய்யைச் செய்முறை என்பார்கள். நோட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொகை. நான்கே கட்டம். நீங்கள் ஐந்நூறு செய்திருந்தால், உங்கள் வீட்டு விசேஷத்தில் நான் ஐந்நூறு மட்டும் திருப்பக் கூடாது. சரியாக ஐந்நூறு வைத்தால் ‘கணக்கை முடிச்சுக்கிட்டான்’ என்று பொருள். கொஞ்சம் கூட வைத்தால்தான் மறுபடி நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியிருக்கும், வரப்போக இருக்கலாம். உறவு என்பது நேராகாத கணக்கு. கொடையும் எதிர்க்கொடையும் குறித்து 1925-இல் மார்செல் மாஸ் பிரெஞ்சில் எழுதியதை உசிலம்பட்டியில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்.

2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தது. அதன் குறை, அது கணக்கை உடனுக்குடன் நேராக்கிவிடுகிறது என்பதே. நீ ஒன்று, நான் ஒன்று, தீர்ந்தது. வைப்பவனுக்கு வலிக்காத மொய்யை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. லிங்க்ட்இன்னோ, வேலை மாறியவருக்கு அனுப்ப வேண்டிய வாழ்த்தையும் தானே எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. மொய்க் கவரைக் கல்யாண வீட்டாரே பணத்தோடு கொடுத்தது போல.

ஆகவே கருதுகோள்: தளம் எதுவாயினும், ஒருவர் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவைத்த இடத்தில்தான் தொடர்பு உயிரோடிருக்கும்.

பாறையில் இது மெய்ப்பட்டது. மாணவி அந்தப் பூண்டை நிழலிலிருந்து எடுத்து, பெருவிரலை நீக்கி, நல்ல வெளிச்சத்தில் படம்பிடித்துக் கொடுத்தாள். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு, புவிசார் குறியீடு பெற்றது’ என்று கீழே ஒரு வரியும் அடித்தாள். 2019-இல் கிடைத்த அக்குறியீட்டில் தன் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு என்று அவள் சொன்னபோது பெரியவர், “அப்ப நம்ம முன்னாடியே சொந்தந்தான்” என்றார். பிறகு கோணிப்பை சீட்டின் பின்புறம் அவள் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். தங்கச்சி மகளின் நாத்தனார் மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாளாம். மூன்று வாரத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. சீட்டு அவளை வாசல்வரை கொண்டுபோனது. உள்ளே இருந்தவர்கள் யாரு வீடு என்று கேட்கவில்லை, புரொஃபைலைத் திறந்து ஆய்வக வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள். கிரானோவெட்டரும் லிங்க்ட்இன்னும் ஒரே பேருந்தில் போன தருணம் அது.

வேலை கிடைத்ததும் அவள் பெரியவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். அவர் விடுதிக்கு ஐந்து கிலோ பூண்டு அனுப்பினார். அவள் அவர் பேரனுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள். அவர் மறுபடி பூண்டு அனுப்பினார்.

இயல் ஆறு: முடிபும் எல்லையும்

1. தொடர்பின் எண்ணிக்கையை 500+ என்று காட்டும் தளம், அதில் எத்தனை பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் காட்டினால் பயன் மிகும்.

2. இரண்டு கோடு சிக்னல் போதுமானது. நான்கு கோடு கிடைக்கும் இடத்தில் மனிதர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் ஊர் கேட்பதில்லை.

3. நான்காவது கேள்வியை நீக்கிவிட்டு முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பது மேலாய்வுக்குரியது. மூன்றாவதிலேயே நிறுத்தத் தெரிந்த ஒருவரை ஆய்வாளன் இன்னும் சந்திக்கவில்லை, தானும் நிறுத்தியதில்லை.

எல்லை: ஆய்வு மாலை ஆறு மணியோடு முடிந்தது. அதற்கு மேல் பாறை காதலர்க்குரியது. அட்டை உபத்திரவமும் உண்டு.

நன்றியுரை வழக்கமாக இங்கே வரும். மலை இறங்கும்போது பெரியவர் ஆய்வாளனுக்கும் அரைக் கிலோ பூண்டு கட்டிக் கொடுத்தார்; காசு வாங்க மறுத்துவிட்டார். இக்கட்டுரையை அதற்கு ஈடாகக் கருதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கருதக் கூடாது. கணக்கு முடிந்துவிடும்.