நயாகரா பாக்கி

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கில் என் அம்மா ஒரு சுற்றுலாப் பயணி. 1999 ஏப்ரல் கடைசியில் நியூவர்க் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அந்தச் சுற்றுலாப் பயணியின் பெட்டிகளில் இருந்தவை: மூன்று கிலோ மலைப்பூண்டு, சுக்கு, வசம்பு, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணி ஒரு மூட்டை, ஒரு தாளிக்கும் கரண்டி, ஆறு மாதத்துக்கான ரத்த அழுத்த மாத்திரை, ஒரு தினசரி காலண்டர். ஊர் சுற்ற ஷூ வேண்டுமே என்று நான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். புதுசு அழுக்காகிவிடும் என்று அம்மா அதைப் போடவே இல்லை.

என் மனைவிக்கு மே மாதம் பிரசவம். மாமியார் உயிரோடு இல்லை. இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஆகவே மன்னார்குடியிலிருந்து அம்மாவை வரவழைத்தோம், பி-2 விசாவில். அது உல்லாசத்துக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் கொடுப்பது. வேலை செய்யக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் பத்தாவது பால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இதெல்லாம் என்னா தம்பி?" என்று கேட்டாள். சம்பளம் வாங்கினால்தான் அம்மா வேலை என்றேன். "அப்ப நா எங்கயுமே வேல செஞ்சதில்ல" என்றாள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா பத்து வருடத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்த பக்கத்தில் பின் அடித்திருந்த சின்ன வெள்ளை அட்டையைக் கவனிக்கச் சொன்னவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ஆந்திர நண்பர். ஐ-94 என்று பெயர். விமான நிலையத்து அதிகாரி அதில் அக்டோபர் கடைசி தேதி ஒன்றைக் குத்தியிருந்தார். விசா என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. வாசல் வரைக்கும்தான் செல்லும். எத்தனை வேளை சாப்பாடு என்பதைப் பந்தியில் நிற்பவர் முடிவு செய்கிறார். பி-2 விருந்தாளிக்கு வழக்கமாக ஆறு மாதம் போடுவார்கள். படித்த பிள்ளைகளே இன்றுவரை இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விளக்கம்.

அக்டோபரில் அம்மாவை அனுப்ப எனக்கு வசதிப்படவில்லை. மனைவிக்குச் சட்டப்படி கிடைத்த பன்னிரண்டு வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாதது, ஆகஸ்டில் தீர்ந்துவிட்டது. நானோ கோபால் (COBOL) என்ற கணினி மொழி நிரல்களில் இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக்கிக்கொண்டிருந்தேன். 1999 டிசம்பர் 31 இரவு உலகம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்ததால், புத்தாண்டு முடியும்வரை ஒருவருக்கும் லீவு கிடையாது. ஆக, அம்மாவின் "விடுமுறை"யை நீட்டிப்பது என்று நான் தீர்மானித்தேன். அம்மாவைக் கேட்கவில்லை.

அந்த நாளில் இலவச ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் புளி வாங்கப் போனால் புளியோடு ஒன்று கிடைக்கும். அதில் ரொம்பப் பிரபலமானது நயாகரா யோசனை: பாலத்தைத் தாண்டிக் கனடாப் பக்கம் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் போடுவான். சொன்னவர்கள் யாரும் போனவர்கள் இல்லை. இந்தியருக்குக் கனடாவுக்குள் நுழையத் தனி விசா வேண்டும். அந்தக் காபிக்கு முதலில் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். அதையும் வாங்கிக்கொண்டு போனாலும், முப்பது நாளுக்குள் திரும்புகிறவரைப் பழைய அட்டையின் தேதியிலேயே உள்ளே விட அதிகாரிக்கு இடமுண்டு. நயாகராவைப் பார்க்கலாம், நாள் கூடாது.

நேர்வழி ஒன்றுதான்: ஐ-539 என்ற படிவம். அட்டையின் தேதி முடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். காசோலை, வங்கிக் கணக்கு நகல், திரும்பும் டிக்கெட்டின் நகல் எல்லாம் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கடிதம். ஏன் கூடுதல் நாள் வேண்டும், இது தற்காலிகம்தான் என்பதற்கு என்ன அடையாளம், இங்கே தங்குவதால் சொந்த ஊரில் உள்ள வேலைக்கோ இருப்பிடத்துக்கோ என்ன பாதிப்பு என்று மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் வேண்டும்.

கடைசிக் கேள்வியை மட்டும் அம்மாவிடம் கேட்டேன். அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. "எளுதிக்க. முருங்க மரத்த வெட்டிட்டுப் போயிருப்பான் அடுத்த வூட்டுக்காரன். கொல்லக் கதவுக்குத் தாப்பா சரியில்ல. பால்காரருக்கு மார்ச் மாசப் பாக்கி. ரேசன் கார்டுல சக்கர வாங்காம வுட்டா பேர அடிச்சிடுவாங்க. ஒங்க அப்பா பென்சனுக்கு நேர்ல போயி நா உசுரோட இருக்கேன்னு காட்டணும்." நான் பென்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'விண்ணப்பதாரர் தாம் உயிருடன் இருப்பதைக் கருவூலத்தில் நேரில் நிரூபிக்க வேண்டியிருப்பதால் கட்டாயம் இந்தியா திரும்புவார்' என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். அதைவிட உறுதியான சாட்சியம் எந்த வக்கீலும் தந்திருக்க மாட்டார்.

முதல் கேள்விக்கு நான் எழுதியதைத்தான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சுதந்திர தேவி சிலை, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், பிரிட்ஜ்வாட்டர் வெங்கடாசலபதி, இலையுதிர் கால மலைகள், நயாகரா. எழுதிய அன்று பொய்யில்லை, கூட்டிப்போக எண்ணம் இருந்தது. பிள்ளையாரையும் பெருமாளையும் பார்த்தோம். ஃப்ளஷிங் கோயில் கேண்டீன் தோசையை அம்மா ஒத்துக்கொண்டாள். இலையுதிர் கால மலைகளுக்குப் பதில், அபார்ட்மெண்ட் வாசலில் நின்ற ஒரு மேப்பிள் மரத்தைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "பட்டுப் போச்சு போலருக்கு, யாரும் தண்ணி ஊத்தலியா?" என்றாள். நயாகரா பாக்கி.

நவம்பர் கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. 2000 ஏப்ரல் வரை தங்கலாம். நான் அதை லாட்டரிச் சீட்டு மாதிரி விரித்துக் காட்டினேன். அம்மா படித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"ஏந்தம்பி, நா எப்ப கேட்டேன்?"

அதற்குப் பதில் எந்தப் படிவத்திலும் இல்லை. காலண்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் தாள் கிழிக்கிற வழக்கத்தை அவள் அன்றிலிருந்து முந்தின இரவே செய்ய ஆரம்பித்தாள். மாத்திரை தீர்ந்தது; சென்னையிலிருந்து யார் வருகிறார்கள் என்று விசாரித்து ஒரு முன்பின் தெரியாத பையன் கையில் வரவழைத்தோம். டிசம்பர் 31 இரவு நான் அலுவலகத்தில் காவல் இருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பொங்கலுக்கு முன் அம்மா கிளம்பிவிட்டாள், அரசாங்கம் கொடுத்ததில் மூன்று மாதத்துக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டு. வெள்ளை அட்டையை விமான கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். அதைக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவின் முகத்தில் நான் ஒன்பது மாதத்தில் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

2002-இல் நாங்களும் திரும்பிவிட்டோம். ஒரு விசேஷம்: வீட்டில் எல்லோரும் இந்தியர், மகள் மட்டும் நியூ ஜெர்ஸியில் பிறந்த அமெரிக்கப் பிரஜை. மயிலாப்பூரில் வளர்ந்த வெளிநாட்டவர். ஓ.சி.ஐ. அட்டை வாங்கித்தான் அவளை எங்கள் வீட்டிலேயே காலாகாலத்துக்கும் தங்க வைக்க முடிந்தது. அப்படி வைத்தும் தங்கவில்லை. மேல்படிப்பு என்று போய் வேலை, கல்யாணம் எல்லாம் ஆகி டெக்சஸ் மாநிலத்து ஃப்ரிஸ்கோவில் குடியேறிவிட்டாள்.

2024 ஏப்ரலில் அவளுக்குப் பிரசவம் பார்க்க நானும் மனைவியும் சுற்றுலாப் பயணிகளாகப் போய் இறங்கினோம். பெட்டியில் பூண்டு இல்லை. ஃப்ரிஸ்கோவில் கிடைக்காத பூண்டா? வெள்ளை அட்டையும் இல்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு அதை 2013-லேயே மின்னணுப் பதிவாக மாற்றிவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்குள் மகள் போனில் தட்டிப் பார்த்து, "அக்டோபர் 24 வரைக்கும்ப்பா" என்றாள். காலண்டரும் தேவைப்படவில்லை, அந்தத் தேதி அவள் போனில் நினைவூட்டலாக ஏறிவிட்டது.

எனக்கோ அந்த ஊர் பிடித்துப்போனது. காலையில் பேத்தியை வெயிலில் காட்டுவது, மத்தியானம் தூக்கம், சனிக்கிழமை காரிய சித்தி அனுமார் கோயில், சாயங்காலம் பூங்கா. பூங்கா என்றால் அது ஒரு பாராளுமன்றம். வெள்ளை ஸ்னீக்கர் போட்ட தாத்தாக்கள் ஏழெட்டுப் பேர், முக்கால்வாசி தெலுங்கர், ஓர் ஈரோட்டுக்காரர், நான். அத்தனை பேரும் மகப்பேறு முடிந்து நான்காம் மாதம், ஐந்தாம் மாதத்தில் இருந்தார்கள். அவையில் ஒரே மசோதா: எப்படி நாளைக் கூட்டுவது?

நயாகரா யோசனை அங்கே மெக்ஸிகோ யோசனையாகத் தெற்கே இறங்கியிருந்தது. அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். திரும்பும்போது பழைய தேதியிலேயே உள்ளே விடலாம் என்று நான் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தின என் படிப்பைச் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், அறுபத்து மூன்று வயது, மாணவர் விசாவுக்கு மாறிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். என்ன படிப்பீர்கள் என்றால் "மேனேஜ்மெண்ட்" என்றார். ஊருக்குப் போய்விட்டு ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வர வேண்டும் என்று ஒருவர் சட்டம் பேசினார். அப்படி எழுதப்பட்ட சட்டம் கிடையாது. ஆனால் போன சூட்டோடு திரும்பி வந்தால், இங்கேயே குடியிருக்கிறீர்களா என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்கும் ஒரு துணிச்சல்காரர் எல்லா அவையிலும் இருப்பார். ஒரு நாள் கூடினாலும் கையிலுள்ள விசா செத்துப்போகும். நூற்றெண்பது நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடமானால் பத்து வருடம் உள்ளே வர முடியாது. இதை ஈரோட்டுக்காரர் எடுத்துச் சொன்னதும் துணிச்சல்காரர் பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

என் நிலைமை கொஞ்சம் மேல். மகள் பிரஜை, இருபத்தொரு வயது தாண்டியவள். பெற்றோருக்குப் பச்சை அட்டை கேட்டு மனுப் போட அவளுக்கு உரிமை இருக்கிறது. பெற்றோருக்கு வருடக்கணக்கான வரிசையும் இல்லை. அம்மா பாட்டில் கழுவிக் காப்பாற்றிய அந்தக் குழந்தை எங்களை நிரந்தரமாகவே இருத்திவிடலாம். மனைவியிடம் சொன்னேன். "மயிலாப்பூர்ல வீட்டுக்கு யாரு தண்ணி வரி கட்டுவா?" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆக, மறுபடியும் ஐ-539. இப்போது தபால் வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் கணினியில் போடலாம். தாளில் அனுப்பினால் கட்டணம் 470 டாலர், கணினி வழியே 420. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எந்தத் தமிழனால் சும்மா இருக்க முடியும்? அந்த ஜூலையில்தான் இந்தியாவில் தண்டனைச் சட்டத்தை மாற்றி ஏமாற்று வேலைக்கு 318 என்று புது எண் கொடுத்திருந்தார்கள். வேலையிழந்த 420 இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கடிதத்தைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன். இந்த முறை நயாகராவை உண்மையாகவே சேர்த்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு மகளிடம் மெதுவாக எடுத்தேன். "இன்னொரு ஆறு மாசம் கேட்டுப் பார்க்கலாம்னு நெனைக்கிறேன்மா. ஒனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவள் மடிக்கணினியை மூடவில்லை. "அப்பா, அத்தை மாமாவுக்கு டிக்கெட் போட்டாச்சே. அக்டோபர் பதினெட்டு வர்றாங்க. கெஸ்ட் ரூம் ஒண்ணுதானே இருக்கு" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. பெண் வீட்டார் முதல் ஆறு மாதம், பையன் வீட்டார் அடுத்த ஆறு மாதம், ஒரு வயதானால் டேகேர். பிரசவத்துக்கு முன்பே ஒரு அட்டவணையில் வண்ணம் தீட்டி வைத்திருந்தாள். எங்கள் வண்ணம் இளநீலம். எங்களுக்கு 20-ஆம் தேதி டிக்கெட்டும் ஜூனிலேயே போட்டாகிவிட்டது. "ஒங்களுக்கும் அங்க போரடிக்காம இருக்கும்லப்பா, ஊருக்குப் போனா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அமெரிக்க அரசாங்கத்தை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

சம்பந்தி கோயம்புத்தூர்க்காரர், மின்வாரியத்தில் இருந்தவர். 18-ஆம் தேதி இரண்டு பெரிய பெட்டி, இரண்டு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கெஸ்ட் ரூமை ஒழித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். மறுநாளெல்லாம் பொறுப்பு ஒப்படைப்பு: எந்தப் பையில் டயபர், குப்பை வண்டி எந்தக் கிழமை, அலாரத்தின் எண், எந்தக் கடையில் முருங்கைக்காய். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை அழுதது. நான் பாலைச் சூடு பண்ணப் போனேன். தூக்கம் பிடிக்காமல் சம்பந்தியும் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். கையில் பாஸ்போர்ட். விளக்கின் கீழே விசாப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"ஏனுங் சம்பந்தி, இதுல பத்து வருசத்துக்குக் குடுத்துருக்கானுங்களே. நீங்க எதுக்கு ஆறு மாசத்துல அவசரப்பட்டுக் கெளம்பறீங்க?"

பாட்டிலை அவர் கையில் கொடுத்து, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்க்கச் சொன்னேன்.